தீர்ப்பு வாசிப்பவள்

தீர்ப்பை இயந்திரம் எழுதிவிடும். அதை மனிதக் குரலில் வாசிக்க வேண்டும் என்பது சட்டம். செண்பகவடிவுக்கு அதுதான் உத்தியோகம். அவளைக் குற்றவியல் படிக்கவைக்க அப்பா வீட்டையே விற்றார். "போட்ட காசை எப்பம்மா எடுக்கப்போற?" என்று போனில் கேட்பார். எங்கே எடுப்பது? வீடு விற்ற காசும் போதாமல் வாங்கிய படிப்புக் கடனின் வட்டிக்கே சம்பளம் பற்றவில்லை. தீர்ப்புக்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் அந்த மாதம் அதுவும் கிடையாது.

'ஏன் செய்தாய் என்று கேள்.' கல்லூரியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். அதைக் கேட்கும் ஆசையில்தான் அவள் படித்தே முடித்தாள். இப்போது ஒவ்வொருவரும் கூண்டைவிட்டு இறங்கும்போது அந்தக் கேள்வி தொண்டைவரை வந்து நின்றுவிடும்.

அன்று கூண்டில் நின்றவர், பள்ளிக்கூட மணியைத் திருடிய பேச்சிமுத்து என்ற பெரியவர். ஆறு மாதச் சிறை என்று வாசித்து முடித்தாள். அவர் இறங்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த மணியை எதுக்குய்யா எடுத்தீங்க?"

மேசைத் திரையில் அவளுடைய சம்பளம் பூஜ்யமானது. பெரியவர் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அது பெரிய கதை தாயி. கேக்க நேரமிருக்கா?"

வடிவு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"சம்பளம் போயாச்சு. ஒண்ணு விடாம சொல்லுங்க."