மிளகாய் இருமல்

வரிசையில் அவனுக்கு முன்னால் இன்னும் சிலர்தான்.

வண்டி மிளகாய் மண்டிக்கு நேர் எதிரே நின்றது. நெஞ்சுக்குள் இருப்பதைப் படம் பிடிக்கிற வண்டி. முதலாளியும் வரலாம், மூட்டை தூக்குகிறவனும் வரலாம், காசு கிடையாது என்று காலையில் தண்டோரா போட்டார்கள்.

பக்கவாட்டில் எழுதியிருந்ததை அவன் எழுத்துக் கூட்டினான்.

காச. நோய்.

அதற்கு மேல் படிக்கவில்லை.

எதிர்ப்புறம், மண்டி வாசலில், ஒரு மூட்டை மேல் தேசப்பன் உட்கார்ந்திருந்தான். அவனுடைய ஜோடி ஆள். மூட்டைக்கு இவன் ஒரு முனை, தேசப்பன் மறுமுனை. இரண்டு பேருக்கும் ஒரே பீடி. பற்றவைப்பது எப்போதும் இவன்தான். பாதி வரை இழுத்துவிட்டு நீட்டுவான்.

மண்டிக்குள்ளிருந்து மேஸ்திரி வரதன் கத்தினார்.

"இன்னாபா, மொளகா இருமலுக்குப் போட்டாவா? சிரிச்சிக்கினே நில்லு. பொண்ணு பாக்கவாச்சும் ஆவும்."

தெரு சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு இருமியது.

அந்தத் தெரு அப்படித்தான். குண்டூர் மூட்டை பிரித்தால் முதலாளியும் இருமுவார், வாசலில் படுத்திருக்கிற மாடும் இருமும். யாரும் வாயைப் பொத்துவதில்லை. யார் இருமினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதற்காகத்தான் அவன் இங்கே வந்தான்.

முன்பு காகிதக் கிடங்கில் இருந்தான். நிழலான இடம். நல்ல கூலி. ஆனால் சத்தம் இல்லாத இடம். ஒரு தடவை இருமினால் போதும், குமாஸ்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

சயரோகம் என்று பேர் விழுந்தவனுக்கு இந்த வட்டாரத்தில் எந்தக் கிடங்கிலும் மூட்டை கிடையாது.

யாரும் வாய் திறந்து கேட்பதற்குள் மிளகாய்க்கு மாறிக்கொண்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை மண்டி இல்லை. இரண்டு பேரும் கடற்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். காற்று நேராகக் கடலிலிருந்து வந்தது. கழுவிவிட்ட மாதிரி காற்று.

தேசப்பன் இருமினான்.

குனிந்து, மணலில் கை ஊன்றி இருமினான். முடித்துவிட்டு, பற்றவைக்கச் சொல்லி பீடியை நீட்டினான்.

அவன் வாங்கவில்லை.

இன்று காலை வண்டிக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டான். தேசப்பன் எழுந்திருக்கவே இல்லை.

"உனுக்கும் எனுக்கும் ஒரே இருமல்தானே அண்ணாத்தே. உன்து மொளகான்னா என்துவும் மொளகா. வேறன்னா சொல்லு, வர்றேன்."

இவன் தனியாக வந்து வரிசையில் நின்றான்.

தெருமுனையில் டிராம் மணி அடித்துக்கொண்டு போனது. வரிசை நகர்ந்தது.

வண்டிப் படிக்குப் பக்கத்தில் ஒரு மேசை. வெள்ளைக் கோட்டுக்காரர் எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இருமல் இருக்கா?"

"மொளகா இருமல், சார்."

"மொளகாதான் சார்."

"எங்கப்பாரு காலத்து மொளகா, சார்."

பிறகு அவன் முறை.

"இருமல் இருக்கா?"

மெல்லச் சொன்னால் போதும். மேசைக்காரருக்குக் கேட்டால் போதும். அதற்கு மேல் வண்டி பார்த்துக்கொள்ளும்.

ஒரு கைவண்டி கடகடவென்று தெருவில் போனது. அது கடந்து போகும் வரை அவன் வாயைத் திறக்கவில்லை.

"உன்னைத்தாம்பா."

அவன் மேசைப் பக்கம் பார்க்கவில்லை. தெருவுக்கு எதிர்ப்புறம் பார்த்துச் சொன்னான். மூட்டை ஏற்றும்போது குரல் கொடுப்பானே, அந்தக் குரலில்.

"இருக்குது சார். காயிதக் கெடங்குல இருந்தப்பவே இருக்குது. அங்க மொளகா இல்ல."

மேஸ்திரி சிரிக்கவில்லை.

அவனுக்குப் பின்னால் நின்றவன் ஒரு எட்டு பின்வாங்கினான்.

வண்டிக்குள் இருட்டு. நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நிற்கச் சொன்னார்கள். பலகை சில்லென்று இருந்தது. தேசப்பன் வீட்டில் கைக்குழந்தை. அப்பன் நெஞ்சு மேல் போட்டால்தான் தூங்கும் என்பான்.

"மூச்சை இழு. அப்படியே பிடி."

பிடித்தான். மூட்டை முதுகில் வந்து உட்காரும்போது பிடிக்கிற மூச்சுதான்.

இறங்கி வந்தபோது தெரு வேறு தெருவாக இருந்தது.

மிளகாய் நெடி அப்படியேதான் இருந்தது. ஆனால் யாரும் இருமவில்லை. அவ்வளவு பேரும் தொண்டையில் அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

மேஸ்திரி அவன் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பாமல் கூப்பிட்டார்.

"டேய் தேசப்பா! லாரி வந்துட்ச்சி. வேற ஜோடி தர்றேன், வா."

மண்டி வாசலில் மூட்டை மட்டும்தான் இருந்தது.

தேசப்பன் வரிசையின் கடைசியில் நின்றான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவனும் அடக்கிக்கொண்டிருந்தான். மேஸ்திரி இரண்டாம் தடவை கூப்பிட்டதும் கண் மட்டும் மண்டிப் பக்கம் போய்வந்தது.

இவன் கிட்டே போகவில்லை. நாலு எட்டு தள்ளியே நின்றான்.

தோளில் கிடந்த துண்டை எடுத்தான். வாயைப் பொத்திக்கொண்டான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, வேண்டிய மட்டும் இருமினான்.

தேசப்பன் பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு தன் துண்டை எடுத்தான்.