பித்தளைக் கோளத்தின் சொந்த ஊர்

பல் டாக்டரின் வரவேற்பறையில் ஒரு பெரிய ஓவியம் மாட்டியிருந்தது. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலிய ஓவியத்தைப் பார்த்து எபனேசர் என்பவர் கையால் வரைந்த நகல் அது. அதில் ஒரு தாடிக்கார அறிஞரின் மேஜைமேல் பித்தளை வானக்கோளம் இருந்தது. அதற்கு ஊர் ஏக்கம் தாங்கவில்லை.

“எங்க இத்தாலிக் கடல் இரைச்சல் இன்னும் காதுக்குள்ளேயே இருக்கு,” என்று ஓவியத்துக்குப் பின்னால் குடியிருந்த பல்லியிடம் தினமும் புலம்பும்.

ஒருநாள் பூச்சி பிடிக்க முன்பக்கம் வந்த பல்லி, கோளத்தை உற்றுப் பார்த்தது. “இத்தாலிக்காரரே, உம்ம உடம்புல எதுக்கு ஒரு சீலிங் ஃபேன் வரைஞ்சிருக்கு?”

கோளத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பித்தளையின் பளபளப்புக்காக எபனேசர் தன் வீட்டுச் சொம்பை எதிரே வைத்துப் பார்த்து வரைந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தலைக்கு மேலே ‘ஹோ’வென்று இரைந்துகொண்டிருந்த பழைய ஃபேன் சொம்பில் தெரிய, மனுஷர் அதையும் விடாமல் வரைந்துவிட்டார்.

கோளம் மெதுவாகக் கேட்டது:

“இங்கே எப்பவும் ஏசிதானா? ஃபேன் போடவே மாட்டாங்களா? கடல் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு!”