முதல் சட்டை

சிறையின் தையல் கூடத்தில் சவரிமுத்துவுக்கு இது ஒன்பதாவது வருடம். விசாரணைக் கைதி சொந்தச் சட்டை போட்டுக்கொள்ளலாம், வீட்டுச் சாப்பாடும் வரவழைத்துக்கொள்ளலாம். குற்றவாளி என்று தீர்ப்பான பிறகுதான் வெள்ளைச் சட்டையும் சிறைச் சோறும். லாக்கப்பில் ஒருவனை அடித்துக் கொன்ற வழக்கில் உள்ளே வந்த இன்ஸ்பெக்டர் தணிகாசலம், எட்டு மாதமாகக் கட்டம்போட்ட சட்டையோடுதான் கூடத்து ஜன்னலைக் கடந்து போய்வந்தார். செய்யாத கொலையில் சவரிமுத்துவை மாட்டிவிட்டவரும் அவர்தான்.

அன்று மாலை கோர்ட்டிலிருந்து திரும்பியவரை வார்டர் நேராகக் கூடத்துக்கே கூட்டிவந்தார்.

"ஆயுள் தண்டனைப்பா. அளவு எடுத்துக்கோ."

சவரிமுத்து டேப்பைத் தொடவே இல்லை. வெளியே கடை வைத்திருந்த காலத்தில் இந்த மனிதரின் காக்கிச் சட்டைகளை எல்லாம் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தவன் அவன். பெட்டியின் அடியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை உருவி நீட்டினான். மடிப்புகளில் துணி பழுப்பேறியிருந்தது.

தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. வயிற்றில் மட்டும் பட்டன் எட்டவில்லை.

"இத எப்படா தச்ச?" தணிகாசலத்தின் குரல் இறங்கியிருந்தது.

"நான் இங்க தச்ச முதல் சட்டை சார். நீங்கதான் வர லேட்டாக்கிட்டீங்க."

இரண்டு ஓரங்களையும் பிடித்து இழுத்து, பட்டனை அவனே போட்டுவிட்டான்.

"இருக்கட்டும். இங்க போடுற சோத்துக்கு, வயிறு தானா உள்ள போயிடும்."