கால்படிப் பானை

"கொஞ்சமாவது மனசாட்சி வேண்டாம் அந்த மனுஷிக்கு? பொண்ணைப் பெத்தவன் மானத்தை நடுத்தெருவுல வெச்சு ஏலம் போடறாளே."

சிக்கப்பேட்டைப் பாத்திரக் கடை வாசலில் நின்று ஆராவமுதன் பல்லைக் கடித்தார். பக்கத்தில் மனைவி ருக்கு. அவருக்குக் கோபம் வந்த நேரத்தில் அவள் பேசி அவர் கேட்டதாகச் சரித்திரம் கிடையாது.

உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாத்திரம் பொறுக்கிக்கொண்டிருந்தாள், அவர் வைத மனுஷி. மாப்பிள்ளையின் தாயார் அலர்மேல்மங்கை.

கல்யாணத்துக்கு இன்னும் எட்டே நாள். பெண் ஜெயலக்ஷ்மிக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வேண்டும். "நானே வந்து பொறுக்கறேன்" என்று சம்பந்தியம்மாள் சொல்லி அனுப்பியபோதே ஆராவமுதன் சண்டைக்குத் தயாராகிவிட்டார். தலைச்சுமையாகத் துணி விற்று மல்லேஸ்வரத்தில் வீடு கட்டினவர். அவரிடம் பேரத்தில் ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை. அண்டா கேட்பாள், ஆளுயரத் தவலை கேட்பாள், அடித்துக் குறைத்துவிடலாம் என்று வந்தார்.

அவளோ எதையும் பெரிதாகக் கேட்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

கடைக்கார ஷெட்டி நீட்டிய பளபளப்பான அடுக்கு ஒன்றைக் கவிழ்த்து, அடியில் கட்டைவிரலால் அழுத்தினாள். "அமுங்கறது. வேண்டாம்."

இன்னொன்றைச் சுண்டிக் காதோடு வைத்துக் கேட்டாள். "எங்கேயோ விரிசல் இருக்கு."

மூன்றாவதாக ஒரு வாணலியின் பிடியைத் திருப்பிப் பார்த்தாள். "இதை ஆணி அடிச்சு முடுக்கலை. ஈயத்தால பத்த வெச்சிருக்கேள். நாலு நாள் அடுப்புல ஏத்தினா பிடி மட்டும் கையோட வந்துடும்."

ஷெட்டி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "என்னம்மா, நீங்க கடை வெச்சா நாங்கள்ளாம் கடையை மூடிட்டு மனைக்குப் போக வேண்டியதுதான்."

கோபத்திலும் ஆராவமுதன் மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டார். இத்தனை வருஷம் கடைத்தெருவில் அடிபட்ட அவர் கண்ணுக்கே அந்த ஈயப் பற்று தெரியவில்லை.

ஆனால் கடைசியில் அவள் ஒதுக்கி வைத்தது என்ன? கால்படி அரிசிக்கு மேல் கொள்ளாத ஒரு வெண்கலப் பானை. இரண்டு கையால் மூடிவிடக்கூடிய ஒரு வெண்கல வாணலி. ஈயம் பூசின சின்னப் பித்தளை அடுக்கு இரண்டு. எல்லாம் நல்ல கனம். அளவுதான் சொப்பு மாதிரி.

இதைச் சீர் என்று பந்தலில் பரப்பினால் ஊர் சிரிக்காதா? அதுகூடப் போகட்டும். பதினாலு பேர் உட்கார்ந்து சாப்பிடும் வீடு அவளுடையது. கால்படிப் பானைக்கு மேல் மனசு விரியாதவள் வீட்டில் நம் குழந்தை என்ன பாடு படும்?

விறுவிறுவென்று உள்ளே போனார்.

"சம்பந்தியம்மா, ஒண்ணு கேட்டுடறேன். உங்காத்துல பதினாலு பேர். இந்தப் பானை யாருக்குப் போறும்? என் பொண்ணுக்கு வயிறாரச் சோறு போட மனசில்லேன்னா இப்பவே சொல்லிடுங்கோ. லக்னப் பத்திரிகையைக் கிழிச்சுப் போட்டுடலாம்."

ஷெட்டி தராசைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றார்.

அலர்மேல்மங்கை நிதானமாக நிமிர்ந்தாள். "பதினாலு பேருக்கு ஆக்க எங்காத்துல பாத்திரம் இருக்கு. ஆக்கறதுக்கு நான் இருக்கேன். இது ரெண்டு பேருக்கு."

"எந்த ரெண்டு பேருக்கு?"

"சீனுவுக்கும் உங்க பொண்ணுக்கும். பசவனகுடியில தனியா ரெண்டு ரூம் பேசி வெச்சுட்டேன். அவன் அப்பாவுக்குப் பிடிக்கலை, ஒரு வாரமா என்னோட பேச்சில்லை. பேசாட்டாப் போறது."

ஆராவமுதன் விழித்தார்.

"நான் கல்யாணமாகி வந்த மறுநாளே பதினாலு பேருக்குச் சாதம் வடிக்கச் சொன்னா. கஞ்சி கொட்டி முழங்கை வரைக்கும் வெந்து போச்சு. சாதம் குழைஞ்சுடுத்தான்னுதான் எல்லாரும் கேட்டா. உங்க பொண்ணு ரெண்டு பேருக்கு ஆக்கிப் பழகட்டும். உப்பு கூடிப்போனா புருஷன் ஒருத்தன்தானே மூஞ்சியைச் சுளிக்கப்போறான்? அதான் சின்னதா எடுத்தேன். அவ காலம் முழுக்க உழைக்கணும்னு கனமாப் பாத்தேன்."

ஆராவமுதன் குனிந்து அந்தக் கால்படிப் பானையைத் தானே எடுத்து ஷெட்டியின் தராசில் வைத்தார்.

"ஸ்வாமி, என்ன பேர் வெட்டணும்?" என்று ஷெட்டி மெதுவாகக் கேட்டார்.

"மாப்பிள்ளை பேர்தான். சீனிவாசராகவன்."

"அவனா ஆக்கப்போறான்?" என்றாள் அலர்மேல்மங்கை. "ஜெயலக்ஷ்மின்னு வெட்டுங்கோ. யார் வந்து பாத்தாலும் அது அவ அடுப்புன்னு தெரியட்டும்."

ஆராவமுதன் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"உங்களைப் போய் என்னென்னவோ பேசிட்டேன், சம்பந்தியம்மா. எவ்வளவு பெரிய மனசு. கட்டிண்டவளுக்குன்னு ஒரு பாத்திரம் வாங்கித்தரத் தோணாத ஆம்பிளைகள்ளாம் உங்ககிட்ட வந்து பாடம் கேக்கணும்."

அதுவரை பின்னால் நின்றிருந்த ருக்கு முன்னால் வந்தாள். குவியலிலிருந்து ஒரு வாணலியை எடுத்து ஷெட்டியின் எதிரே வைத்தாள். புருஷனை நேராகப் பார்த்தாள்.

"இருபத்துமூணு வருஷமா உங்கம்மா பேர் வெட்டின பாத்திரத்துலதான் ஆக்கிண்டிருக்கேன். எனக்குன்னு ஒண்ணு கேட்டப்பல்லாம், 'அது இன்னும் தேயலையே'ன்னேள். அது தேயாது, நல்ல கனம். ருக்குன்னு மூணே எழுத்து. இன்னிக்காவது பேரம் பேசாம வெட்டச் சொல்லுங்கோ."