மூணு வாரத்து ஃபில்டர்

"இது என்னன்னு சொல்லுங்கண்ணா."

அந்தப் பொண்ணு கையில இருந்ததை மெக்கானிக் மேசையில தொப்புனு போட்டா. கிளம்பின தூசி நேரா அவரோட டீயில போய் இறங்குச்சு.

"ஏர் ஃபில்டர்."

"அது எங்க வீட்டுப் பூனைக்கே தெரியும். எப்ப மாத்தினது?"

"உங்க வண்டிதானே? மூணு வாரம் இருக்கும். புதுசு போட்டேனே."

"இதுவா புதுசு? இதைத் தட்டினா வர்ற மண்ணுல ரெண்டு செடி நடலாம்."

காத்திருந்த கஸ்டமர் ரெண்டு பேரும் பேப்பரை மடிச்சு வெச்சுட்டாங்க. இதைவிட நல்ல நியூஸ் அதுல இல்ல.

பொண்ணு மருந்துக் கம்பெனி ரெப். வாரத்துல ஆறு நாள் ரோட்டுலதான் குடித்தனம். வாசல்கிட்ட அவளோட அப்பா நின்னாரு. ரிட்டயர்டு மனுஷன். கண்ணாடியைக் கழட்டறதும், துடைக்கறதும், மறுபடி மாட்டறதுமா இருந்தாரு.

"விடும்மா. புதுசு ஒண்ணு போட்டுட்டுப் போயிடலாம்."

"நீங்க சும்மா இருங்கப்பா. நாம நல்லவங்களா இருக்கறதாலதான் இப்படி ஏமாத்தறாங்க."

அவ மெக்கானிக் பக்கம் திரும்பினா.

"நேத்து பைபாஸ்ல ஒரு லாரியை ஓவர்டேக் பண்றேன். பாதி தாண்டியாச்சு. எதிர்ல பஸ். ஆக்சிலேட்டரைத் தரை வரைக்கும் மிதிக்கிறேன், வண்டி இழுக்கல. இருமுது. பஸ் டிரைவர் மீசையில எத்தனை நரைன்னு எண்ணிட்டேண்ணா. லாரிக்காரர் பிரேக் போட்டாரு, அதனால இங்க நின்னு உங்ககூட பேசிட்டிருக்கேன். பக்கத்து சீட்டுல எங்கப்பா. நேத்திலேருந்து ஒரு வாய் சாப்பிடல. பாருங்க அவரை."

மெக்கானிக் பாத்தாரு. அப்பா கண்ணாடியைத் துடைச்சாரு.

"பெட்ரோல் மட்டும் போனா பத்தாது மேடம். காத்தும் போகணும். ஃபில்டர் அடைச்சுக்கிட்டா வண்டி நல்லாத்தான் இருக்கற மாதிரி இருக்கும், அவசரத்துக்கு மிதிக்கும்போதுதான்..."

"பாடம் எடுக்காதீங்க. அதை அந்த பஸ்ஸே எடுத்துடுச்சு."

"ஆனா நான் மாத்தினேன். இந்தக் கையாலதான்."

சொல்லிக்கிட்டே ஃபில்டரைத் திருப்பினாரு. ஓரத்துல ஒரு மடிப்பு கிழிஞ்சிருந்துச்சு. விரல் அங்கயே நின்னுடுச்சு. கூடவே பேச்சும்.

"என்ன, சார்ஜ் தீந்துடுச்சா?"

"யாராவது ஃபில்டர் பெட்டியைத் திறந்தாங்களா மேடம்?"

"நாலு கிளிப்பு. இன்னிக்குக் காலையில போன்ல வீடியோ பாத்து நானே திறந்தேன். அதுக்கு முன்னாடி யார் திறப்பா? வீட்டுல நானும் அப்பாவும்தான். பேய் வந்து மாத்திட்டுப் போச்சா?"

மெக்கானிக் கண்ணு ஒரு தடவை வாசல் பக்கம் போயிட்டு வந்துச்சு.

அவ போனை எடுத்து அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டினா.

"ரெக்கார்ட் ஆகுது. மாத்தினீங்களா, இல்லையா? மாத்தினேன்னு சொன்னீங்கன்னா இப்பவே போலீசுக்குப் போறேன். யார் செஞ்சதுன்னு அவங்க கண்டுபிடிக்கட்டும். யாரா வேணா இருக்கட்டும். எங்கப்பா உயிரோட விளையாடின ஆளோட முகத்துல இந்த ஜென்மத்துல முழிக்க மாட்டேன்."

"அம்மாடி..." அப்பா ஒரு அடி முன்னால வந்தாரு.

மெக்கானிக் முந்திக்கிட்டாரு. "மாத்தல."

"சத்தமா."

"நான் மாத்தல மேடம். மறந்துட்டேன். சர்வீஸ் கார்டுல மட்டும் மாத்தினதா எழுதிட்டேன். தப்பு என்னோடது."

பேப்பரை மடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் எழுந்து, பலகையில தொங்கின தன்னோட சாவியை எடுத்துக்கிட்டாரு.

"என் வண்டியிலயும் இப்படித்தானே மறந்திருப்பே?"

இன்னொருத்தர் அதைக்கூடக் கேக்கல. சாவியோட கிளம்பிட்டாரு. அடுத்தடுத்து ரெண்டு வண்டி ரிவர்ஸ் எடுக்கற சத்தம்.

மெக்கானிக் புது ஃபில்டரை எடுத்துட்டுப் போய் அவ கண்ணு முன்னாடியே மாட்டினாரு. நாலு கிளிப்பையும் ஒவ்வொண்ணா அழுத்திக் காட்டினாரு. அவ போன் அந்த நாலையும் பிடிச்சுக்கிச்சு.

"பத்து வருஷமா வாய் நிறைய அண்ணான்னு கூப்பிட்டேன்," அவ சொன்னா. "என் வாயைத்தான் கழுவணும். வாங்கப்பா."

விறுவிறுன்னு போய் வண்டியில ஏறினா. ஸ்டார்ட் பண்ணினா. இப்ப அது இருமல. உறுமுச்சு.

அப்பா நகரல. கண்ணாடியைக் கழட்டினவரு துடைக்காம அப்படியே கையில வெச்சிருந்தாரு.

"தம்பி... அவ நூத்தி இருபதுல போறா. சொன்னா சிரிக்கிறா. வண்டி கொஞ்சம் மெதுவாப் போனா போதும்னுதான்... இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது தம்பி."

வெளியில ஹாரன் ரெண்டு தடவை அடிச்சுச்சு.

மெக்கானிக் அவர் தோளைப் பிடிச்சு மெதுவா வாசல் பக்கம் திருப்பினாரு.

"பழசை அன்னிக்கு உங்க கையில குடுத்தது குப்பையில போடறதுக்கு சார். பொண்ணு வேகமாப் போனா சண்டை போட்டாவது, அழுதாவது அவகிட்டயே சொல்லுங்க. வண்டியோட மூக்கைப் பொத்தாதீங்க."