அங்கயே நில்லுங்க

“அங்கயே நில்லுங்க தம்பி. கிட்ட வராதீங்க.”

கதவுக்குப் பின்னாலிருந்து சுந்தராம்பாளின் குரல் வந்தது. படியில் கால் வைத்த தர்மராஜ் இறங்கி வாசலிலேயே நின்றான்.

சாணம் அள்ளிக்கொண்டிருந்த வேலைக்காரி மருதாயி முகத்தைச் சுளித்தாள். “வந்துட்டாருய்யா! இவரு போனதும் வாசலை மெழுவறதுக்கு நான் ஒருத்தி.”

அவனுக்கு இது பழக்கம்தான். அரியலூருக்கு வெளியே இருந்த பெருநோய் இல்லத்துக்காக ஊர் ஊராகப் போய் நெல் கேட்பவன் அவன். உலக யுத்த காலம்; சர்க்கார் நெல்லை அளந்துகொண்டு போனதில், கொடுத்துவந்த வீடுகளெல்லாம் கையை விரித்துவிட்டன. விக்கிரமங்கலத்தில் இந்த வீடு ஒன்றுதான் மிச்சம்.

ஒவ்வொரு அறுவடைக்கும் சுந்தராம்பாள் ஒரு வண்டி நெல் அனுப்புவாள். அதை யார் சாப்பிட்டார்கள், யாருக்குப் புண் ஆறியது என்று அவன் வந்து ஒன்றுவிடாமல் சொல்லுவான். முன்பெல்லாம் எதிரில் உட்கார்ந்து கேட்டவள், இந்த வருஷம் கதவை விட்டு வெளியே வரவில்லை.

“அங்க புதுசா வந்து சேந்த முத்தாயி இன்னும் ராத்திரியில அழுவுதா?”

“முன்ன அழுவும்மா. இப்ப பக்கத்துப் பாய்க்காரியோட சண்டை போடவே அதுக்கு நேரம் பத்தலை.”

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்குள் பால் பொங்கும் வாசனை வர, அவள் அடுப்படிக்கு ஓடினாள். கொதிக்கும் பாத்திரத்தைத் துணிகூட இல்லாமல் இரண்டு கையாலும் பிடித்து, நிதானமாக இறக்கி வைத்ததைக் கதவிடுக்கில் தர்மராஜ் பார்த்தான்.

நெருப்புக்குப் பயப்படாதவள் என்னைக் கண்டு பயப்படுகிறாளே என்று அவனுக்கு மனம் கசந்தது.

அவள் திரும்பி வந்தாள். “தம்பி, மவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம். இனிமே நீங்க இந்த வாசலுக்கு வரவேணாம். ஊருல ஒரு பேச்சு கெளம்பினா அவன் கலியாணம் நின்னுடும்.”

“அப்பிடிச் சொல்லாதீங்கம்மா. அங்க குதிரு காலியாயிடுச்சு. நீங்களும் இல்லேன்னா அத்தனை பேரும் ரயிலடிக்குப் பிச்சைக்குத்தான் போவணும். எனக்குக் குஷ்டம் இல்லீங்கம்மா, பாருங்க.” இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

கதவிடுக்கு வழியாக அவள் அந்தக் கைகளையே பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். “அங்க உள்ளவங்களை நீங்க தொடுவீங்களா?”

இல்லை என்றால் நெல் கிடைக்கலாம். மருதாயிகூடக் கூடையை வைத்துவிட்டு அவன் வாயையே பார்த்தாள்.

இந்த அம்மாவிடம் இதுவரை அவன் ஒரு பொய்யும் சொன்னதில்லை. இன்றும் வாயில் பொய் வரவில்லை. “தொடுவேங்கம்மா. புண்ணுக்கு மருந்து கட்டுறதே நான்தான்.”

கதவு சாத்திக்கொண்டது.

“நல்லா சொன்னீங்க போங்க!” என்று மருதாயி கூடையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். தர்மராஜ் நின்றான். முத்தாயியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான்.

பின்னால் கதவு கொஞ்சமாகத் திறந்தது. மருதாயி போய்விட்டாளா என்று பார்த்துவிட்டு, சுந்தராம்பாள் குரலைத் தாழ்த்தினாள்.

“விடியறதுக்குள்ள நெல்லு வண்டி வரும் தம்பி.”

அவன் கண் கலங்கக் கையெடுத்துக் கும்பிட்டான். கதவைப் பிடித்திருந்த அவள் விரல்களில் பால் பாத்திரம் சுட்ட கொப்புளங்கள் இருந்தன; அவளுக்கு வலித்ததாகவே தெரியவில்லை.

“அதுலயே நானும் வந்துடறேன். அங்க எனக்கொரு எடம் இருக்குமா?”