ஒரு சொட்டுகூட வரலையே!

"அநியாயத்தைப் பாருங்க! மாமனாரைக் கூடத்துல கிடத்தியிருக்கு. இவ கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இல்ல!"

பக்கத்து நாற்காலிக்காரியின் காதில் முணுமுணுத்தாள் சின்ன அத்தை. போனவர் அவளுடைய அக்கா புருஷன். துக்க வீட்டில் யார் அழுகிறார்கள், யார் ஒப்புக்கு அழுகிறார்கள் என்று எடை போடுவதில் அவள் கில்லாடி.

அவள் வைத்த பரீட்சையில் பெரிய மருமகள் பாஸ். வாசலில் தலை தெரிந்தாலே போதும், "மாமா... எங்களை விட்டுட்டுப் போயிட்டாரே!" என்று கட்டிக்கொண்டு அழுதாள். கன்னத்தில் தாரை தாரையாக ஓடியது.

சின்ன மருமகளோ நாற்காலி எடுத்துப் போட்டாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவ்வளவுதான்.

'அக்கா இனிமே பெரியவ வீட்டுலதான் இருக்கணும். சாயங்காலமே பேசி முடிச்சிடறேன்' என்று மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டாள் சின்ன அத்தை.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? சமையலறைக்குப் போய்ச் சின்னவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, நீ என்ன கல்லா? அழ மாட்டே?"

"வர மாட்டேங்குது, சின்ன அத்தை."

"வர மாட்டேங்குதா? அதென்ன குழாய்த் தண்ணியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். மேல் இமைக்குள்ள ஓரமா கண்ணீர்ச் சுரப்பின்னு ஒண்ணு இருக்கு. அதுல ஊறுற ஈரத்தைத்தான் சிமிட்டும்போதெல்லாம் இமை கருவிழி மேல தடவி விடுது. எனக்கு அது வறண்டு போச்சு. எந்நேரமும் மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும். மாமாதான் என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார்..." சின்னவளின் குரல் உடைந்தது. "அவருக்காக அழக்கூட முடியலை பாருங்க."

சின்ன அத்தைக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை.

"அதுக்கு மருந்து கிருந்து இல்லையா?"

"சொட்டு மருந்து குடுத்திருக்காங்க. செயற்கைக் கண்ணீர்னு சொல்லுவாங்க."

"அடி மக்கு! அதைக் கண்ணு நிறைய விட்டுக்கிட்டுப் போய் நில்லு. நாலு பேர் பாக்கறாங்க இல்ல?"

"இப்ப என்கிட்ட இல்ல. வேணும்னு கேட்டாங்க, குடுத்துட்டேன்."

"உனக்கே இல்லாதப்ப தானமா? எந்த மகராசிக்கு?"

சின்னவள் டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள்.

அதற்குள் புயல்போல் உள்ளே வந்தாள் பெரியவள். கதவு மறைவில் நின்ற சின்ன அத்தை அவள் கண்ணில் படவில்லை.

"ஏய், இந்த பாட்டிலும் காலி! இன்னொண்ணு இருந்தா சீக்கிரம் குடு. சித்தப்பா வீட்டுக் கும்பல் வண்டியை விட்டு இறங்கிடுச்சு!"